பாப்பாவுக்கு, கானாடுகாத்தான் போய்வந்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்க வெக்காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

"எப்படிம்மா இருந்தது?" என்று நீ போனில் கேட்டபோது "ரொம்ப நல்லா இருந்தது" என்று சொல்லி முடித்துவிட்டேன். அங்கே உனக்குக் குட்டியைக் குளிப்பாட்டும் நேரம். அவள் வேறு வாளித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீங்கள் இரண்டு பேரும் யோசித்து, இடம் பார்த்து, பணம் கட்டி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு எங்களை அனுப்பி வைத்திருக்கிறீர்கள். அதை ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதோடு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் கல்யாண நாளை யாரும் கொண்டாடியதில்லை, உனக்கே தெரியும். அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது திருக்கடையூரில் செய்தோமே, அதுதான் நாங்கள் பார்த்த விசேஷம். மற்றபடி வருஷா வருஷம் ஆவணியில் அந்த நாள் வந்தால் காலையில் கோயில், மதியம் சேமியா பாயசம், அவ்வளவுதான். 1985ல் கல்யாணம் முடிந்து, மறுவீடு போய், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்த கையோடு அப்பா பொன்மலை ரயில்வே பணிமனைக்கு ஷிப்டு பார்க்கக் கிளம்பிவிட்டார். இரண்டு பேரும் மட்டும் ஒரு வெளியூருக்குப் போய்த் தங்கியது என்பது எங்கள் வாழ்க்கையில் இல்லை. போன இடமெல்லாம் அத்தை, பாட்டி, நாத்தனார் பிள்ளைகள், அப்புறம் நீ, தம்பி என்று ஒரு கூட்டத்தோடுதான் போனோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இதுவும் ஒன்று இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

காலையிலேயே காரில் கிளம்பிப் புதுக்கோட்டை தாண்டி, திருமயத்தில் நிறுத்தினோம். அந்தப் பக்கம் போகிற டிரைவர்கள் கோட்டை பைரவருக்குச் சிதறுகாய் உடைக்காமல் போக மாட்டார்கள். எங்கள் டிரைவர் தம்பியும் உடைத்தார். அப்பா கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். 1687ல் சேதுபதி கட்டியது. மேலே ஏறலாமா என்று கேட்டார். முழங்கால் வலியை நினைவுபடுத்தி வண்டியில் ஏற்றினேன். அங்கிருந்து கானாடுகாத்தான் பக்கம்தான்.

நீ பதிவு செய்திருந்த விசாலம் வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது பாப்பா. உனக்குத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தாயா என்று தெரியவில்லை. ராமநாதன் செட்டியார் தன் மகள் விசாலாட்சிக்காக ஆசையாகக் கட்டிய வீடு அது. செட்டிநாட்டில் பெரிய வீடென்றால் மகன்களுக்கும் பேரன்களுக்கும் என்றுதான் கட்டுவார்கள். பெண்ணை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் மகள் பெயரில் ஒரு மாளிகை. இப்போது சிஜிஎச் எர்த் நிறுவனம் அதை விடுதியாக நடத்துகிறது. நான் பெற்ற மகள் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தபோது வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. அப்பா பெட்டியை எடுப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்ற செட்டியார் வீடுகள்போல இதில் நெருக்கமான மரச் செதுக்கல் அதிகம் இல்லை. அந்தக் காலத்துப் புது பாணியான ஆர்ட் டெக்கோவில், வளைவும் கோடுமாக, அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். கூரை அவ்வளவு உயரம். வெயில் வெளியே கொளுத்தியது, உள்ளே தரையில் கால் வைத்தால் ஜில்லென்று இருந்தது. அறைக்குள் போனதும் நான் வழக்கம்போலப் படுக்கையைத் தட்டிச் சரி செய்தேன். "விடும்மா, அதற்கு ஆள் இருக்கு" என்று அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். சரி என்று ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அது ஒரு விநோதமான சுகம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். மதியம் வாழை இலை போட்டு கோழி வறுவல், வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசி இனிப்பு எல்லாம் பரிமாறினார்கள். மண்டி என்றால் அரிசி கழுவிய தண்ணீரில் புளியும் சின்ன வெங்காயமும் போட்டு வைப்பது. கவுனி கறுப்பு அரிசி, பர்மாவுக்கு வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் கொண்டுவந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். அப்பா சாப்பிட்டு முடிக்கும் வரை நான் கரண்டியோடு நிற்கவில்லை. என் இலையில் குறைந்ததைப் பார்த்துப் பரிமாறுகிறவரிடம் "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் மண்டி வையுங்க" என்று அவரே சொன்னார். எனக்கு மண்டி பிடித்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றார்.

மறுநாள் சமையற்கட்டில் வெள்ளைப் பணியாரம் செய்து காட்டினார்கள். குறித்துக்கொண்டேன், குட்டிக்கு நீயும் செய்யலாம். ஒரு தம்ளர் பச்சரிசி எடுத்து, அதன் தலையில் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய்போல அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்துக் கரைக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும், இரண்டு தடவையாக ஊற்றக் கூடாது. அது மெல்ல மேலே வந்து உப்பும். சிவக்க விடாமல் திருப்பிப்போட்டு எடுத்துவிட வேண்டும். வெள்ளையாக, ஓரம் மட்டும் லேசாக முறுகி, நடுவில் பஞ்சாக இருக்கும். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். அந்தச் சமையல் அம்மா நான் ஊற்றிய முதல் பணியாரத்தைப் பார்த்து "கை தெரிஞ்ச கை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஊரைச் சுற்றிக்காட்ட ஒரு தம்பி வந்தார். கானாடுகாத்தான் தெருக்களை நீ பார்க்க வேண்டும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஒவ்வொரு வீடும் நீண்டுகொண்டே போகிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையும் அங்கேதான் இருக்கிறது, 1912ல் கட்டி முடித்தது. நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தது வேறு ஒரு பழைய வீடு. திண்ணை, முகப்பு தாண்டினால் நடுவில் வானம் பார்த்த முற்றம், வளவு என்கிறார்கள். அதைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் இத்தனை சின்ன அறை என்று கேட்டேன்.

அந்தத் தம்பி விளக்கினார். ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதிக்கு என்று ஓர் அறை. கொஞ்ச நாளில் அவர்களை "வேறு வைப்பார்களாம்". வேறு வீட்டுக்கு அனுப்புவதில்லை, அதே வீட்டுக்குள் தனிக் கணக்கு. பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, பின்கட்டில் அவர்களுக்கென்று தனி அடுப்பு போட்டுவிடுவார்கள். அம்மா அப்பா பக்கத்திலேயே இருப்பார்கள், விசேஷம் என்றால் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஆனால் அன்றாடம் அவரவர் குடித்தனம். கோயில் கணக்கிலும் கல்யாணமான ஜோடியை ஒரு புள்ளி என்று எழுதி, அதற்கு வரி வாங்குவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒன்று. பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாருக்கு, அதாவது இந்தச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்கள், எல்லாவற்றிலும் இந்தக் கணக்குதான்.

நான் அந்தச் சின்ன அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறையூர் வீடு உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு. நாங்கள் கல்யாணமாகி வந்தபோது அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனதும் அதை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் கூடத்துக்கு வந்தோம். நான்கு பேர் படுத்திருக்கும் கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேச முடியும்? அரிசி தீர்ந்துவிட்டது, பால்காரன் பாக்கி, பிள்ளைக்குக் காய்ச்சல். அதைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லாமலே போய்விட்டது. பழகிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் அப்பா பேசவில்லை. அப்புறம் திடீரென்று "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நீ பிறப்பதற்கு முன்னால் பொன்மலையில் அவருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்ததாம். இரண்டு அறை, பின்னால் வேப்பமரத்தோடு கொஞ்சம் இடம். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் உன் பாட்டி கீழே விழுந்து படுத்த படுக்கையானார்கள். விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம் சொன்னால் நான் ஆசைப்படுவேன், ஆசைப்பட்டு அடக்கிக்கொள்வேன், அதைப் பார்க்க முடியாது என்று இத்தனை வருஷமும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது பாப்பா. மறைக்காமல் எழுதுகிறேன். எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் தோட்டத்தில் நடந்தேன். குவார்ட்டர்ஸ் போனதற்காக அல்ல. படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டு வா என்று நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வேப்பமரத்தைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கலாம், இரண்டு பேரும் சேர்ந்தே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து அதையே அவரிடம் சொன்னேன். "சொல்ல எங்கே இடம் இருந்தது?" என்றார். அது உண்மை. அந்த வீட்டில் ஒரு ரகசியம் பேசக்கூட மூலை கிடையாது. அதற்கப்புறம் விடிய விடியப் பேசினோம். என் அப்பா சீர் விஷயத்தில் பட்ட கஷ்டம், அவர் தம்பிக்காக வாங்கிய கடன், நீ பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதது. நான் ஒன்றைச் சொல்ல, அவர் ஒன்றைச் சொல்ல, இப்படியெல்லாம் இந்த மனிதருக்குள் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் நல்ல தம்பதிதான். ஆனால் அன்றைக்குத்தான் சாவகாசமாகப் பேசினோம்.

மறுநாள்தான் கல்யாண நாள். காலையில் பிள்ளையார்பட்டி போய்க் கற்பக விநாயகரைக் கும்பிட்டோம். உங்கள் பெயருக்கெல்லாம் அர்ச்சனை செய்தேன். கூட்டம் இல்லை, நின்று பார்க்க முடிந்தது.

அங்கிருந்து ஆத்தங்குடி. அப்பாவுக்கு அதுதான் திருவிழா. தரைக்குப் போடும் பூக்கல் செய்கிற பட்டறையில் போய் நின்றவர் அசையவில்லை. கண்ணாடிப் பலகை ஒன்றைக் கீழே வைத்து, அதன்மேல் பூ வடிவத்தில் தகட்டு அச்சை வைக்கிறார்கள். அச்சில் ஒவ்வொரு இதழும் தனித்தனி அறை. சிமெண்ட்டில் நிறம் கலந்த குழம்பைக் கரண்டியால் மொண்டு, சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் ஓர் அறையில் என்று ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை அப்படியே நேராகத் தூக்குகிறார்கள். நிறம் ஒன்றோடொன்று கலக்கவில்லை! அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதற்குமேல் கலவை போட்டுக் கரண்டியால் தேய்த்துச் சமன் செய்து காயவைக்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். சூளையில் சுடுவதே இல்லை. கடைசியில் கண்ணாடியை எடுத்தால் கண்ணாடி தொட்டுக்கொண்டிருந்த முகம் அதே வழவழப்போடு வருகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு கூடுமாம். பணிமனையில் ஆயுசைக் கழித்த மனிதர் அல்லவா, அப்பா அந்தத் தொழிலாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கிறீங்க இல்ல?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு, அடுத்த கல்லுக்கு அப்பாவையே அச்சைத் தூக்கச் சொன்னார். ஓர் இதழில் சிவப்பு கொஞ்சம் மஞ்சளுக்குள் போய்விட்டது. அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

காரைக்குடியில் எனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தார். பெரிய கட்டம், அகலக் கரை, பருத்தி. 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தச் சேலை. உறையூர்க்காரி எனக்கு நூலைப் பார்க்கத் தெரியும், நல்ல நெசவு. முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போனோம். அங்கேதான் மனசு கனத்தது. இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், மரப்பெட்டி, எனாமல் பாத்திரம் எல்லாம் விற்பனைக்கு. ஒரு நிலைப்படியில் கஜலட்சுமி செதுக்கல், அதில் மஞ்சள் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் செட்டியார்கள் அங்கே போட்ட முதல் எல்லாம் போனது, அப்புறம் ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், பராமரிக்க ஆளில்லை, கடைசியில் கதவு விலைக்கு வருகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014ல் செட்டிநாட்டுக் கிராமங்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் பட்டியல் ஒரு கூரையை ஒழுகாமல் காக்குமா?

அதனால் ஒன்று சொல்கிறேன். ஒரு ராத்திரிக்கு நீங்கள் கட்டிய வாடகையைக் கேட்டு முதலில் எனக்குப் பகீரென்றுதான் இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த வீட்டில் விளக்கெரிகிறது, தரை துடைக்கப்படுகிறது, பணியாரம் ஊற்றத் தெரிந்த கைக்குச் சம்பளம் கிடைக்கிறது. பூட்டிக் கிடந்து இடிந்து கதவாக விற்பதைவிட இது எவ்வளவோ மேல். நல்ல காரியத்துக்குத்தான் பணம் போயிருக்கிறது. நீ வருத்தப்படாதே, மாப்பிள்ளையிடமும் சொல்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். குட்டி பிறந்து மூன்று வருஷமாகப் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் தனியாக எங்காவது போனீர்களா? போனில் பேசும்போதெல்லாம் கவனிக்கிறேன். அவர் ஒரு பக்கம் லேப்டாப், நீ ஒரு பக்கம் துணி மடிப்பு. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது குட்டியின் டே கேர், வீட்டுக் கடன், கார் சர்வீஸ். உங்களுக்கு அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, எங்களுக்கு இல்லாததெல்லாம் இருக்கிறது. ஆனால் நேரம் மட்டும் எங்களைப்போலவே இல்லை. எங்களுக்கு நாற்பது வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் கண்ணு.

வருகிற தையில் உங்கள் கல்யாண நாள். அப்போது நாங்கள் அங்கே வந்து ஒரு மாதம் இருக்கிறோம். குட்டி என்னிடம் ஒட்டிக்கொள்ள ஒரு வாரம் ஆகும், அதற்குள் அவளுக்கு என் சோறு பழகிவிடும். அப்புறம் நீங்கள் இருவரும் கிளம்புங்கள். டேல்ஸ்ஃபோர்டு என்று ஒரு ஊர், கனிம ஊற்று இருக்கிறது, மெல்பர்னிலிருந்து காரிலேயே போய்விடலாம் என்று நீ முன்பு ஆசையாகச் சொன்னாயே, அங்கேயே போங்கள். நல்ல இடமாகப் பார்த்துத் தங்குங்கள். இந்தத் தடவை செலவு எங்களுடையது. அப்பாவின் பென்ஷன் பணத்தில் இதற்கென்று எடுத்து வைத்துவிட்டோம், வேண்டாம் என்று சொல்லாதே. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லு மாப்பிள்ளையை. ராத்திரி ஒரு தடவை மட்டும் போன் செய்தால் போதும், குட்டி தூங்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிடுவேன்.

அப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, என்னுடையதைத்தான் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வாரம் அதற்குப் போகிறோம். விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று நீ பார்த்து அனுப்பு. மாப்பிள்ளைக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. பொங்கல் சமயத்தில் டிக்கெட் விலை ஏறிவிடும் என்று அப்பா இப்போதே அவசரப்படுகிறார்.

குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
அம்மா